சைகைமொழியை எழுத்தில் வடித்தல்: யாருடைய கையை எழுதுவது?

வலிகாமம் கிழக்கில் அமைந்துள்ள அச்சுவேலிக்குத் தமிழ் அச்சுக்கலை வரலாற்றில் ஓர் இடமுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ச. தம்பிமுத்துப்பிள்ளை அவர்களின் ஞானப்பிரகாச யந்திரசாலை இவ்வூரில் இயங்கியது. ஏட்டிலும் அண்ணாவிமாரின் நாவிலும் மட்டுமே வாழ்ந்துவந்த நாட்டுக்கூத்துகள் அச்சேறி நூலுருப் பெற்றதில் அந்த யந்திரசாலைக்கும் பங்குண்டு. ஊரின் பெயருக்கும் அச்சுத் தொழிலுக்கும் தொடர்பு தேட வேண்டியதில்லை. எழுத்தில் ஏறியது எஞ்சுகிறது, ஏறாதது மனிதரோடு மறைகிறது என்ற உண்மையை மட்டும் அந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொண்டால் போதும்.

அதே ஊரிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் இன்னொரு விதமான பேச்சும் வழங்கி வந்திருக்கிறது. அது செவிப்புலனற்றோரின் கைப்பேச்சு. செவிப்புலனற்றவர் எவருமே பிறவாத ஊர் இல்லை. அவர்கள் கைகளால் பேசாத காலமும் இல்லை. ஆயினும் அவர்களது மொழியின் ஒரு சொல்லேனும் அதன் சொந்த உருவில் எழுத்தில் ஏறியதை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? படமொன்றை வரைந்து அதன் கீழே 'வீடு' என்றோ 'அம்மா' என்றோ தமிழில் எழுதிவிடுவதோடு நமது முயற்சி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எழுதப்பட்டது தமிழ்ச் சொல்லே அன்றி, கை பேசிய சொல் அன்று.

சைகைமொழி என்பது தமிழைக் கைகளால் எழுத்துக் கூட்டிக் காட்டுவது என்றும், உலகம் முழுவதற்கும் ஒரே சைகைமொழிதான் உண்டு என்றும் எண்ணுவோர் இன்றும் பலர். இரண்டும் தவறு. ஒவ்வொரு சைகைமொழிக்கும் தனக்கெனச் சொற்களும் இலக்கணமும் உள்ளன. செவிப்புலனற்றோர் கூடிவாழும் இடங்களில், பெரும்பாலும் பாடசாலைகளின் விடுதிகளில், அவை தாமாகவே வேர்விட்டு வளர்கின்றன. இலங்கையில் 1912 இல் தெகிவளையில் தொடங்கப்பெற்றுப் பின்னர் இரத்மலானையில் நிலைபெற்ற பாடசாலையும், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் கைதடியிலுள்ள நவீல்ட் பாடசாலையும் இத்தகைய விளைநிலங்களாகும். கோப்பாய் வழியாகக் கடல்நீரேரியைக் கடந்தால் அச்சுவேலிக்குக் கைதடி தொலைவன்று. ஆனால் வீட்டிலே பெற்றோரும் பிள்ளையும் தமக்குள் வகுத்துக்கொண்ட சைகைகளுக்கும், விடுதியிலே ஒரு தலைமுறை மறு தலைமுறைக்குக் கையளித்த சைகைகளுக்கும் இடையிலான தொலைவு பெரிது.

இந்த மொழிகளை எழுதுவது எப்படி என்ற கேள்விக்கு முதலில் ஒழுங்கான விடை கண்டவர் வில்லியம் ஸ்டோக்கி. வாஷிங்டனிலுள்ள கலோடெற் கல்லூரியில் 1955 ஆம் ஆண்டு ஆங்கிலம் கற்பிக்கச் சேர்ந்த இவர், தமது மாணவர்கள் தமக்குள் கைகளால் பேசிக்கொள்வது வெறும் அபிநயமன்று, உறுப்புகளாகப் பகுக்கத்தக்க மொழியே என்பதைக் கண்டுகொண்டார். 1960 இல் அவர் வெளியிட்ட ஆய்வு ஒவ்வொரு சைகையையும் மூன்று கூறுகளாகப் பிரித்தது. கை உடலின் எவ்விடத்தில் நிகழ்கிறது, எவ்வடிவில் இருக்கிறது, எவ்வாறு அசைகிறது என்பன அவை. உள்ளங்கை நோக்கும் திசையும் முகபாவமும் முக்கியமானவை என்பதைப் பின்வந்தோர் சேர்த்தனர். 1965 இல் அவரும் இரு துணையாசிரியர்களும் வெளியிட்ட அகராதி, ஆங்கில அகரவரிசையைக் கைவிட்டு, இக்கூறுகளின் வரிசையிலேயே சைகைகளை அடுக்கியது.

இந்த அகராதியில்தான் இக்கட்டுரை பேச விழையும் சிக்கல் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. மனிதக் கை எடுக்கக்கூடிய வடிவங்களுக்கு எல்லையில்லை. பெருவிரல் சற்றே விலகலாம்; சுட்டுவிரல் கணுவில் இலேசாக மடங்கலாம்; நான்கு விரல்களும் ஒட்டியோ பிரிந்தோ நிற்கலாம். ஸ்டோக்கி இவை அனைத்தையும் 19 கைவடிவக் குறிகளுக்குள் அடக்கினார். பொத்திய கையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க விரலெழுத்தில் பெருவிரல் கைப்பொத்தலின் பக்கவாட்டில் நின்றால் ஓர் எழுத்து. மடங்கிய விரல்களின் மேற் குறுக்காகக் கிடந்தால் வேறோர் எழுத்து. சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே நுழைந்தால் மூன்றாவது எழுத்து. ஆனால் சைகைச் சொற்களில் இவ்வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை என்று கண்ட ஸ்டோக்கி, மூன்றுக்கும் ஒரே குறியை இட்டார்.

இது முறையா என்று கேட்பவர், நமது நெடுங்கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'கல்', 'தங்கம்', 'அகம்' என்னும் மூன்று சொற்களிலும் ககரத்தின் ஒலி ஒன்றன்று. ஆயினும் ஒரே வரிவடிவத்தால் எழுதுகிறோம், எவரும் இடர்ப்படுவதில்லை. 'பசு' என்பதன் ஈற்று உகரம் முழுமையாக ஒலிக்கிறது. 'நாடு' என்பதன் ஈற்று உகரம் குறுகி ஒலிக்கிறது. பின்னதைத் தொல்காப்பியர் குற்றியலுகரம் எனப் பெயரிட்டுச் சார்பெழுத்துகளுள் வைத்தார். தனித்த எழுத்தாக நில்லாது, தான் நிற்கும் இடத்தைச் சார்ந்து தோன்றுவது என்ற அந்த நோக்கு, இன்றைய மொழியியலார் மாற்றொலி என்று விளக்குவதற்கு மிக அணுக்கமானது. மறுபுறம், 'வாழை', 'வாளை' என்ற இரண்டும் காதுக்கு அணுக்கமானவையாக இருந்தும் ஒன்று மரம், மற்றது மீன். எனவே வேறுபாடு பெரிதா சிறிதா என்பது அளவுகோல் அன்று. அது பொருளை மாற்றுகிறதா என்பதே அளவுகோல்.

கையிலும் அவ்வாறே. அமெரிக்கச் சைகைமொழியில் நிமிர்ந்த சுட்டுவிரலின் நுனியைக் கன்னத்தில் வைத்துத் திருகினால் அது மிட்டாயைக் குறிக்கும். அதே விரலை மடக்கி அதே இடத்தில் அதே விதமாகத் திருகினால் அப்பிள் பழத்தைக் குறிக்கும். சுண்டுவிரலை வைத்துத் திருகினால் பொறாமை என்று பொருள். இங்கே சுட்டுவிரல் மடங்குவது வாழைக்கும் வாளைக்கும் இடையிலான வேறுபாடு போன்றது. அதை எழுதாமல் விட்டால் சொல்லே மாறிவிடும்.

ஆனால் அதே மொழியில், 'நான்' என்று தன்னைச் சுட்டும்போது விரல் மடங்கினாலும் பெருவிரல் விரிந்தாலும், சில வேளைகளில் கை முழுவதுமே விரிந்தாலும், பொருள் மாறுவதில்லை. சுட்டுவிரல் மட்டும் நீண்ட இவ்வடிவம் இயல்பான பேச்சில் எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராய்ந்த அமெரிக்க மொழியியலாளர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட எடுத்துக்காட்டுகளைச் சேகரித்தனர். பிரித்தானியச் சைகைமொழியில் இதனையொத்த ஆய்வொன்று 2013 இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எடுத்துக்காட்டுகளோடு வெளிவந்தது. முன்னும் பின்னும் வரும் சைகைகளின் வடிவம் இடையிலுள்ள கையைத் தன்பால் இழுக்கிறது என்பதை இவ்வாய்வுகள் காட்டின. சொற்கள் புணரும்போது ஈறும் முதலும் திரிவதை அறிந்த தமிழருக்கு இது புதிதன்று. விரல்களுக்கும் புணர்ச்சி உண்டு என்றே கொள்ளலாம்.

அப்படியானால் எழுதுவோன் எதை எழுதுவது? கண்ட கையை அப்படியே எழுதுவதா? அல்லது பேசியவர் மனத்திலிருந்த கையை எழுதுவதா? உலகில் இன்று வழங்கும் முறைகள் இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகளைத் தருகின்றன.

ஜேர்மனியின் ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவாக்கப்பட்ட குறியீட்டு முறை ஆய்வாளருக்கானது. ஏறத்தாழ 200 குறிகளைக் கொண்ட இம்முறையில் பொத்திய கை, விரித்த கை போன்ற சில அடிப்படை வடிவங்களை எழுதி, பெருவிரலின் நிலையையும் விரல்களின் மடிப்பையும் காட்டும் துணைக்குறிகளை அவற்றோடு இணைப்பர். ககரத்தோடு கொம்பும் காலும் சேர்ப்பது போன்றது இது. எந்தவொரு சைகைமொழிக்கும் பொருந்தும். ஸ்டோக்கி விட்டுவிட்ட பெருவிரலையும் எழுதிக்காட்டும். ஆனால் பள்ளிப் பிள்ளை கடிதம் எழுதுவதற்கு உகந்ததன்று.

வலேரி சட்டன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1974 இல் டென்மார்க்கில் வகுத்த முறை வேறு வகையானது. நடன அசைவுகளைத் தாளில் எழுதுவதற்கு அவர் முன்னரே அமைத்திருந்த முறையைக் கண்ட கொப்பன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சைகைகளையும் அவ்வாறு எழுத இயலுமா என்று கேட்டதன் விளைவு அது. பொத்திய கைக்கு ஒரு சதுரம். நீண்ட விரலுக்கு அதிலிருந்து புறப்படும் ஒரு கோடு. பேசுபவருக்குத் தம் உள்ளங்கை தெரிந்தால் வடிவம் வெண்மையாகவும், புறங்கை தெரிந்தால் கருமையாகவும் எழுதப்படும். இம்முறையின் 2010 ஆம் ஆண்டுக் குறித்தொகுதியில் கைவடிவங்கள் மட்டும் 261. 2015 ஆம் ஆண்டு யூனிகோட் தரத்தின் எட்டாவது பதிப்பில் இம்முறைக்கென 672 குறியீடுகள் ஒதுக்கப்பட்டன. தமிழ் எழுத்தைத் தாங்கும் அதே தரம் இன்று கையெழுத்தையும் தாங்குகிறது. இங்கே கையெழுத்து என்பது சொல்லின் நேர்ப்பொருளில்.

19 குறிகளா, 261 குறிகளா என்பது வெறும் எண்ணிக்கைப் பிரச்சினை அன்று. குறைந்த குறிகளால் எழுதினால் படிப்பது எளிது. ஆனால் எவ்வேறுபாடு பொருளற்றது என்று எழுதுவோர் முன்கூட்டியே தீர்ப்பளித்துவிடுகிறார். அமெரிக்க மொழியை நன்கு ஆராய்ந்து ஸ்டோக்கி வழங்கிய தீர்ப்பை, ஆராயப்படாத இன்னொரு மொழிக்கு அப்படியே பொருத்துவது தகாது. மேலும் அவரது குறிகளிற் பெரும்பாலானவை அமெரிக்க விரலெழுத்தை ஒட்டிய ஆங்கில எழுத்துகள். அவ்விரலெழுத்தை அறியாதவருக்கு அவை எதனையும் உணர்த்தா. நிறைந்த குறிகளால் எழுதினாலோ, ஒரே சொல்லை இருவர் இருவிதமாக எழுத நேரும். அது இரு சொல்லா, ஒரு சொல்லா என்ற மயக்கம் பிறக்கும்.

இந்த இடத்தில் நம் மரபிலிருந்தும் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் ஒற்றைக்கை வடிவங்கள் 33 என்றும், இரட்டைக்கை வடிவங்கள் 15 என்றும் பெயரும் விளக்கமும் தருகிறார். பதாகை, திரிபதாகை, முட்டி, சூசி என்பன அவற்றுட் சில. விரல்கள் நிமிர்ந்து ஒட்டி நிற்கும் பதாகையில் அணிவிரலை மட்டும் முடக்கினால் அது திரிபதாகை. ஒரு வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு இன்னொன்றை அதன் திரிபாக விளக்கும் இந்த முறை, ஹம்பேர்க் குறியீட்டின் அடிப்படைக் கருத்திலிருந்து தொலைவானதன்று. கைவடிவங்களைக் குறிக்க ஆங்கில எழுத்துகளை இரவல் வாங்க வேண்டிய நிலையில் தமிழ் இல்லை என்பதற்கு இது சான்று.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கூத்தநூலோர் வகுத்தவை கை எவ்வாறு இருத்தல் வேண்டும் என்ற விதிகள். மாணவியின் அணிவிரல் தளர்ந்தால் ஆசிரியர் திருத்துவார். மொழியைப் பதிவுசெய்ய வருபவருக்கு அந்த உரிமை இல்லை. அவர் கை எவ்வாறு இருந்தது என்றே எழுதக் கடமைப்பட்டவர்.

இந்த வேறுபாடு நமது மண்ணில் ஏன் முதன்மை பெறுகிறது என்பதற்குக் காரணங்கள் பல. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் அனைவரும் ஒரே நேரத்தில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, செவிப்புலனற்றோரும் அவர்களோடு பெயர்ந்தனர். அதன்பின் வன்னிக்கும் தமிழகத்துக்கும் மேலை நாடுகளுக்கும் சிதறிய குடும்பங்களோடு அவர்களது சைகைகளும் சிதறின. பேச்சுத் தமிழ் சிதறினாலும் அதன் எழுத்து அதனைப் பிணைத்து வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தவரும் சென்னைவாசியும் 'வெற்றி' என்பதை வெவ்வேறாக ஒலித்தாலும் ஒரேவிதமாக எழுதுகின்றனர். சைகைக்கு அத்தகைய பிணைப்பு இல்லை. வீட்டுக்குள் ஒரு முதியவர் மட்டும் கையாளும் சைகை, அவரோடு ஒரே நாளில் மறைந்துபோகலாம்.

போரிலே விரல்களை இழந்தோரும் நம்மிடையே உள்ளனர். அத்தகைய ஒருவர் செவிப்புலனற்றவராகவும் இருந்தால், எஞ்சிய விரல்களால் அவர் பேசுவதை அவருடைய வீட்டார் தடையின்றிப் புரிந்துகொள்கின்றனர். தோட்டத்திலே ஒரு கையில் மண்வெட்டியோடு நிற்பவர் இரு கைச் சொல்லை ஒரு கையால் முடிக்கிறார். கண்ணுக்குத் தெரியும் கையும் மனத்திலுள்ள கையும் வேறு என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இரண்டையும் எழுத இயலும் முறையே நல்ல முறை.

பாதிப்பு எங்கே விளைகிறது? முதலாவது, அகராதியில். சைகை அகராதியொன்று ஒரு பொருளுக்கு ஒரு படத்தை மட்டும் அச்சிடும்போது, படத்திலுள்ள கை 'சரி' ஆகிவிடுகிறது. பெருவிரலை வேறுவிதமாக வைக்கும் கிராமத்துப் பிள்ளையின் கை 'பிழை' ஆகிவிடுகிறது. அந்தப் பெருவிரல் குற்றியலுகரம் போன்ற இயல்பான திரிபா, வேறு வட்டாரத்தின் செல்வமா, வேறு சொல்லேயா என்பதை எவரும் கேட்டிருக்க மாட்டார். வட்டார வழக்கை இழித்துரைக்கக் கூடாதென்று பேச்சுத் தமிழுக்காக வாதாடும் நாம், கைத்தமிழருக்கு அந்த நியாயத்தை மறுக்கலாகாது.

இரண்டாவது, சாட்சியத்தில். பொலிஸ் நிலையத்திலோ நீதிமன்றிலோ செவிப்புலனற்ற ஒருவர் கூறுவது பதிவேட்டில் ஏறும்போது, அது ஏற்கெனவே ஒருவரால் மொழிபெயர்க்கப்பட்ட தமிழாகவே ஏறுகிறது. அவர் உண்மையில் காட்டிய சைகை எது என்று பின்னர் ஐயம் எழுந்தால், ஒப்புநோக்க மூலம் இல்லை. மூன்றாவது, கல்வியில். தான் கண்ட புதிய சைகையின் பொருளை அறிய விரும்பும் பிள்ளை, தமிழ் அகரவரிசையில் அமைந்த அகராதியில் அதனைத் தேட முடியாது. பொருள் தெரிந்தவருக்கே அந்த அகராதி பயன்படும். கைவடிவ வரிசையில் அமைந்த அகராதிதான் அப்பிள்ளைக்கு உதவும்.

கைத்தொலைபேசியில் காணொளி எடுத்துவிடலாமே, எழுத்து எதற்கு என்று கேட்கலாம். காணொளி இன்றியமையாதது; அதிலே கருத்து வேறுபாடில்லை. இந்தியாவில் 2015 இல் அமைக்கப்பெற்ற சைகைமொழி ஆய்வு, பயிற்சி நிலையம் வெளியிட்ட அகராதியும் காணொளி அகராதியே. ஆனால் நூறு மணிநேரக் காணொளியில் 'அணிவிரல் மடங்கிய கைகள் எவை' என்று தேட வேண்டுமாயின், யாரேனும் ஒருவர் அவற்றை எழுத்தால் குறித்திருக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கருவி வந்ததனால் எழுத்து தேவையற்றதாகிவிடவில்லை.

ஆகவே நமக்கு ஏற்ற வழி இதுவாக இருக்கலாம். முதற்படி, முதியோரிலிருந்து தொடங்கி வட்டாரம் வட்டாரமாக, அவர்களது ஒப்புதலோடு காணொளியிற் பதிவுசெய்தல். பிரித்தானியாவில் 2008 முதல் 2011 வரை எட்டு நகரங்களில் 249 செவிப்புலனற்றோரின் பேச்சு இவ்வாறே பதிவுசெய்யப்பட்டது. நமது குடாநாடு சிறியது, பணியும் அளவானதே. இரண்டாம் படி, கண்ட கையை விரல் விடாமல், நுணுக்கமான முறையொன்றால் எழுதிவைத்தல். மூன்றாம் படி, எவ்வேறுபாடு பொருளுடையது, எது வெறும் திரிபு என்று தீர்மானித்து, நாளாந்தப் பயன்பாட்டுக்கு எளிய எழுத்தை வகுத்தல். இந்த வரிசை மாறக்கூடாது. முதலிலேயே எளிமைப்படுத்தினால், விட்டது எது என்று பின்னர் அறியவே முடியாது.

மூன்றாம் படியில் தீர்ப்பளிக்க வேண்டியவர் யார் என்பதிலும் ஐயம் வேண்டாம். 'பசு', 'நாடு' ஆகியவற்றின் உகர வேறுபாட்டைத் தமிழறியாத ஒருவர் செவிகொண்டு கேட்டிருக்கலாம். ஆனால் அது தமிழில் எத்தகைய வேறுபாடு என்று கூறத் தமிழை உள்ளிருந்து அறிந்தவர் வேண்டும். அவ்வாறே, இரு கைகள் ஒரே சொல்லா என்று கூற வல்லவர்கள் அந்தக் கைகளால் பேசுவோரே. மொழி என்பது பேச்சு மொழிகளையும் சைகை மொழிகளையும் உள்ளடக்கும் என வரையறுக்கும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அந்த ஏற்பு ஏட்டளவில் நின்றுவிடாதிருக்க, செவிப்புலனற்றோரே ஆய்வாளராகவும் எழுத்தராகவும் பயிற்றப்படுதல் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் ஆசிரியர் கலாசாலைகளும் பாடசாலைகளும் கைகோத்தால் இது எட்டாத பணியன்று.

நூற்றாண்டுக்கு முன் அச்சுவேலியில் ஒருவர் நாவில் வாழ்ந்த கூத்தை அச்சில் ஏற்ற முனைந்தார். அவர் வாளாவிருந்திருப்பின் இன்று நம் கைக்கு எட்டாது போயிருக்கக் கூடியவை சில உண்டு. கைகளில் வாழும் மொழிக்கும் அத்தகைய அக்கறை கிடைக்க வேண்டிய காலம் இது. அந்த மொழியை எழுதும்போது பெருவிரல் எங்கே நின்றது என்பதையும் சேர்த்தே எழுதுவோம். அது வேண்டுமா வேண்டாமா என்பதை அதனால் பேசுவோர் முடிவு செய்யட்டும்.